பிரமதண்டு: வரப்பில் நிற்கும் மஞ்சள் பூ முட்செடியைக் காய்க்க விடாதீர்கள்

பொங்கல் கழிந்து பனி குறையும் நேரத்தில் கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் பக்கமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், மனை போட்டு விலை போகாமல் கிடக்கும் இடங்களிலும், கிராவல் கொட்டிய சாலை ஓரங்களிலும், தண்ணீர் வற்றிய ஏரிக்கரைகளிலும் பளிச்சென்ற மஞ்சள் பூக்களோடு ஒரு முட்செடி நிற்பதைப் பார்க்கலாம். அதுதான் பிரமதண்டு. குடியோட்டிப்பூண்டு என்றும் சொல்வார்கள். ஆடு மாடு வாய் வைக்காது, விறகுக்கும் உதவாது என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. வயலுக்குள் நான்கு செடி வந்தால்தான் திட்டிக்கொண்டே வெட்டிப் போடுகிறோம். பெரும்பாலும் அப்போது காய் முற்றியிருக்கும்.

முள் குத்துவது இந்தச் செடியின் சிறிய தொல்லைதான். பெரிய தொல்லை அதன் விதையில் இருக்கிறது. பார்வைக்குக் கடுகைப் போலவே இருக்கும் அந்த விதை உணவு எண்ணெயில் கலந்தால் குடும்பமே கால் வீங்கிப் படுத்துவிடும். உயிர்ச்சேதம் வரை போனதும் உண்டு. ஆகவே இந்தச் செடி எங்கே, எப்போது, எப்படி வளர்கிறது என்பதை விவசாயிகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது. களை எடுக்கும் வேலையில் பாதி, செடியின் குணத்தை அறிவதில்தான் இருக்கிறது.

மலை முட்செடிக்கு இது உறவா?

ஆங்கிலத்தில் இந்தச் செடியை 'மெக்சிகன் திசில்' என்றும் சொல்வதுண்டு. திசில் என்பது குளிர்ந்த நாடுகளிலும் மலைகளிலும் வளரும் ஒரு முட்செடிக் கூட்டம். நம் மாநிலத்திலும் நீலகிரி, பழனி மலைகளின் உயரமான புல்வெளிகளில் சிர்சியம் என்ற உண்மையான திசில் இருக்கிறது. வறண்ட சமவெளிகளில் எக்கினாப்ஸ் என்ற இன்னொரு வகை உண்டு. அதன் பூ முள்பந்து போல உருண்டையாக இருக்கும். எண்ணெய்க்காகப் பயிரிடும் குசும்பாவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இவை எல்லாம் சூரியகாந்திக் குடும்பம். நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல சின்னஞ்சிறு பூக்கள் நெருக்கமாக அமைந்த கொத்து.

பிரமதண்டு அந்தக் குடும்பமே இல்லை. இது கசகசாவின் குடும்பம். இலையில் முள் இருப்பதால் திசில் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். தாவரவியலில் இதன் பெயர் ஆர்ஜிமோன் மெக்சிகானா. பெயரிலேயே ஊர் இருக்கிறது. மெக்சிகோவும் அதைச் சுற்றியுள்ள நாடுகளும்தான் இதன் பிறப்பிடம். அங்கிருந்து கடல் வழியாக வந்து இந்தியா முழுக்கப் பரவிவிட்டது. இந்தியில் சத்தியநாசி என்கிறார்கள், அடியோடு அழிப்பது என்று பொருள். வங்காளத்தில் சியால்காண்டா, அதாவது நரிமுள். நம்மூர்க் குடியோட்டியையும் பிரித்துப் பாருங்கள். எங்குமே யாரும் இதற்கு நல்ல பெயர் வைத்ததாகத் தெரியவில்லை. பிரமதண்டு ஒன்றுதான் விதிவிலக்கு.

குடும்பம் எதுவானால் என்ன என்று கேட்கலாம். களையெடுப்பவருக்கு அதில் ஒரு பயன் இருக்கிறது. உண்மையான திசில் விதைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பஞ்சு போன்ற மயிர்க்குடுமி உண்டு. எருக்கம் விதை பறப்பது போலக் காற்றில் பறந்து வரும். பக்கத்து ஊர்த் தரிசில் முளைத்தாலும் நம் வயலுக்கு வந்துவிடும். பிரமதண்டு விதைக்கு அந்தக் குடுமி கிடையாது. காய் வெடித்தால் தாய்ச் செடியின் காலடியிலேயே விழும். அதற்கு மேல் அது நகர வேண்டுமானால் தண்ணீரோ, மண்ணோ, எருவோ, வண்டிச் சக்கரமோ, விதை மூட்டையோதான் தூக்கிச் செல்ல வேண்டும். அதாவது நம் வயலில் பிரமதண்டு இருந்தால், அது பெரும்பாலும் நாமே கொண்டு வந்தது, அல்லது நாம் காய்க்க விட்டது. காற்றைத் தடுக்க நம்மால் முடியாது, இதைத் தடுக்க முடியும்.

செடியை அடையாளம் காண்பது

முளைத்த புதிதில் இலைகள் தரையோடு தரையாக வட்டமாகப் பரவி இருக்கும். அப்போதே இலை ஓரத்தில் முள் தெரியும். இலை வெறும் பச்சையாக இல்லாமல் சாம்பல் பூத்த நீலப் பச்சையாக இருக்கும். நரம்புகள் நெடுகிலும் சுண்ணாம்பில் கோடு இழுத்தது போல வெள்ளை தெரியும். இந்த வெள்ளை நரம்பை ஒரு முறை பார்த்தவர்கள் பிறகு மறக்கமாட்டார்கள். இலைக்குக் காம்பு கிடையாது, அடிப்பகுதி தண்டைக் கட்டிப் பிடித்தது போல இருக்கும். வளர்ந்த செடி முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வரும்.

சந்தேகம் இருந்தால் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். மஞ்சள் கரைத்தது போன்ற பால் வரும். நம் பக்கம் வயல்வெளியில் காணும் மற்ற முட்செடிகளில் இந்த மஞ்சள் பால் வராது. கண்டங்கத்தரி தரையில் படரும், பூ ஊதா, காய் கத்தரிப்பிஞ்சு போல உருண்டை. நீர்முள்ளி ஈர வாய்க்கால் ஓரம் நிற்கும், முள் கணுவில் இருக்கும், பூ நீலம் கலந்த ஊதா. நெருஞ்சிக்கும் மஞ்சள் பூதான். ஆனால் அதன் இலையில் முள் கிடையாது, காயில் மட்டுமே உண்டு. ஆகவே முள் இலை, மஞ்சள் பால், மஞ்சள் பூ மூன்றும் சேர்ந்தால் அது பிரமதண்டுதான். பூ வெளிறிய மஞ்சளாக, கிட்டத்தட்டப் பாலாடை நிறத்தில் இருக்கும் ஒரு பங்காளி இனமும் இந்தியாவில் உண்டு. அதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூவில் வழக்கமாக ஆறு இதழ்கள் இருக்கும். எலுமிச்சை மஞ்சள் நிறம், பட்டுத் துணி போல மெல்லியவை, தொட்டாலே உதிரும். நடுவில் நிறைய மஞ்சள் மகரந்தத் தாள்கள், அவற்றின் மத்தியில் சிவந்த சூல்முடி. தேனீக்கள் மகரந்தத்துக்காக வரும். ஆனால் காய் பிடிக்க இதற்குத் தேனீ வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. தன் மகரந்தத்தாலேயே காய்த்துக்கொள்ளும். ஒற்றைச் செடியாக நின்றாலும் காய் நிறையக் கட்டுவதற்கு இதுதான் காரணம்.

இதழ் உதிர்ந்ததும் நிமிர்ந்து நிற்கும் காய் கட்டைவிரல் கணுவளவு நீளம் இருக்கும். மேலெல்லாம் முள். முற்றிக் காய்ந்ததும் நுனியில் நான்கு முதல் ஆறு வாயாகப் பிளக்கும். அடி வரை பிளப்பதில்லை, மேல்பகுதி மட்டும்தான். உப்புக் குப்பியைக் குலுக்கியது போல, காற்றில் செடி ஆட ஆட விதை கொட்டும். ஒரு காயில் 300 முதல் 400 விதை வரை இருக்கும். ஒரு செடியில் பத்துக் காய் என்று குறைத்து வைத்தாலும் 3,000 விதைக்கு மேல். நன்றாகக் கிளைத்த செடி ஒன்று பத்தோடு நிற்காது.

எங்கே வளரும், எப்போது முளைக்கும்

இந்தச் செடிக்கு நல்ல மண் தேவையில்லை. கிளறிவிட்ட மண் போதும். புல்லும் பயிரும் அடர்ந்து நிழல் கட்டிய இடத்தில் இது தலையெடுக்காது. வெயில் நேராக விழும் வெட்ட வெளி, போட்டி இல்லாத மண், இரண்டும்தான் இதற்கு வேண்டும். அதனால்தான் புதிதாக மண் கொட்டிய சாலை ஓரம், வீட்டுமனை, இடிந்த கட்டட மேடு, தூர் வாரிய ஏரிக்கரை, ஆற்று மணல் திட்டு, அறுவடைக்குப் பின் சும்மா விட்ட மேட்டு நிலம் ஆகிய இடங்களில் அதிகம் பார்க்கிறோம். ஆழமாக இறங்கும் ஆணிவேர் இருப்பதால் மேல் மண் காய்ந்த பிறகும் தாக்குப்பிடிக்கும். மாசி, பங்குனி வெயிலில் மற்ற பூண்டுகள் கருகும்போது இது மட்டும் பசுமையாக நிற்பது அதனால்தான்.

கோட்டக்குப்பம், வானூர் பக்கம் பார்த்தால் கடற்கரையை ஒட்டி மணல் சார்ந்த நிலம், மேற்கே போகப் போகச் செம்மண். மணிலா, உளுந்து, எள், சவுக்கு என்று மேட்டுப் பயிர்கள் அதிகம். இவற்றில் சவுக்குக் கன்று நட்ட முதல் ஆண்டு கவனிக்க வேண்டிய காலம். கன்றுகளுக்கு இடையே வெயில் விழும் வெற்றிடம் நிறைய இருக்கும், நீரும் கிடைக்கும். மரம் வளர்ந்து நிழலும் சருகும் விழுந்த பிறகு பிரமதண்டு தானாகவே குறைந்துவிடும். சேற்று நெல் வயலுக்குள் இது வருவதில்லை, தேங்கிய நீர் இதற்கு ஆகாது. வரப்பில் மட்டும் நிற்கும். ஆனால் நெல் அறுத்த பிறகு தரிசாக விட்ட வயலில் இறங்கிவிடும்.

முளைப்புக் காலம்தான் முக்கியம். காயிலிருந்து விழுந்த உடனே எல்லா விதையும் முளைப்பதில்லை. கோடை முழுவதும் மண்ணில் தூங்கும். வடகிழக்குப் பருவமழையில் மண் நனைந்து, இரவுகள் குளிரத் தொடங்கியதும் முளை கிளம்பும். நம் பகுதியில் கார்த்திகை, மார்கழி மாதங்களில் தரையில் ஒட்டிய வட்ட இலைகளைத் தேடினால் கிடைக்கும். தையில் தண்டு எழும்பும், அதன் பின்னே பூவும் காயும் வரும். வாய்க்கால் ஓரம் போன்ற ஈரமான இடங்களில் ஆண்டு முழுக்கக்கூட ஒன்றிரண்டு செடி பூத்துக்கொண்டே இருக்கும். சில விதைகள் அந்த ஆண்டும் முளைக்காமல் அடுத்தடுத்த ஆண்டுகளுக்குக் காத்திருக்கும். ஒரு முறை காய்க்க விட்ட நிலத்தில் பல ஆண்டுகள் களையெடுக்க வேண்டி வருவது இதனால்தான்.

வயலுக்குள் வரும் வழிகள்

ஏரி வண்டல் ஓட்டும்போது அந்த ஏரிக்கரையில் மாசி மாதம் பிரமதண்டு நின்றதா என்று யோசித்துப் பாருங்கள். நின்றிருந்தால் வண்டலோடு விதையும் வரும். அதற்காக வண்டலை வேண்டாம் என்று சொல்லவில்லை. கரையோரத்து மேல் மண்ணைத் தவிர்த்து ஏரியின் உட்பகுதி மண்ணை எடுங்கள். கொட்டிய நிலத்தில் அந்த ஆண்டு மார்கழியில் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

இரண்டாவது வழி எருக்குழி. வெட்டிய செடியைக் காயோடு குப்பைக்குழியில் போடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். நன்றாகச் சூடேறி மக்கும் குவியலில்தான் களை விதை சாகும். நம் குழிகளில் ஓரமும் மேற்புறமும் அவ்வளவு சூடாவதில்லை. அந்த எரு வயலுக்குப் போனால் நாமே விதைத்த கணக்குத்தான்.

அறுவடை இயந்திரமும் டிராக்டரும் மூன்றாவது. முன்பு வேலை செய்த நிலத்தின் மண் சக்கரத்திலும் கலப்பையிலும் ஒட்டி வரும். வண்டிக்காரரிடம் சொல்லி வரப்பிலேயே தட்டிவிட்டு இறக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார்.

விதையில் என்ன இருக்கிறது

இந்த விதையில் எண்ணெய்ச் சத்து அதிகம். அந்த எண்ணெயில் சாங்குவினரின், டைஹைட்ரோசாங்குவினரின் என்ற நச்சுப் பொருட்கள் உள்ளன. இவை உடலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை விரியவும் கசியவும் செய்கின்றன. அதனால் இரத்தத்திலிருந்து நீர் வெளியேறித் தசையில் தேங்குகிறது. முதலில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரலாம். பிறகு இரண்டு கால்களும் வீங்கிச் சிவக்கும், தொட்டால் வலிக்கும். மூச்சு வாங்கும். முற்றினால் இதயம் பலவீனமாகும். சிலருக்குக் கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை பாதிக்கும். ஒரே அடுப்பில் சாப்பிடும் பலருக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் கால் வீங்கினால் எண்ணெய் மேல் சந்தேகப்பட வேண்டும். இதற்கென்று தனி முறிவு மருந்து இல்லை. அந்த எண்ணெயை உடனே நிறுத்திவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது மீதி எண்ணெயையும் எடுத்துச் சென்று காட்டுங்கள். அதைக் கீழே கொட்டிவிட்டால் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்காது.

இந்த நோய் 1877-ல் கல்கத்தாவில் முதலில் பதிவானது. தொற்றுநோய் என்றும், கெட்டுப்போன அரிசியால் வந்தது என்றும் நீண்ட காலம் நினைத்தார்கள். கடுகெண்ணெயில் கலந்த பிரமதண்டு எண்ணெய்தான் காரணம் என்று 1937-ல் லால், ராய் என்ற ஆய்வாளர்கள் காட்டிய பிறகே குழப்பம் தீர்ந்தது. இந்தியர்கள் கூலி வேலைக்குப் போய்க் குடியேறிய மொரீசியஸ், பிஜித் தீவுகளிலும் இதே நோய் வந்திருக்கிறது. காரணம் தெரிந்து அறுபது ஆண்டுகள் கழித்தும், 1998-ல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெய் சாப்பிட்டு 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 3,000 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். கடுகெண்ணெயில் நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே நோய் வரும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. சாதாரணச் சமையல் சூட்டில் இந்த நஞ்சு போய்விடாது.

நம் பக்கம் கடுகெண்ணெயில் சமைப்பவர்கள் குறைவு. தாளிக்கும் கடுகு ஒரு சிட்டிகைதான். ஆகவே டெல்லி அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் எள்ளும் மணிலாவும் விளைவித்து ஊர்ச் செக்கில் ஆட்டி வீட்டுக்கும் விற்பனைக்கும் எண்ணெய் எடுக்கும் விவசாயிகள் இங்கே இருக்கிறார்கள். மணிலாவில் இந்த விதை கலக்க வாய்ப்பில்லை, அளவு அப்படி. எள் வேறு கதை. எள் அறுத்துக் கட்டும்போது இடையில் நின்ற பிரமதண்டும் சேர்ந்து களத்துக்கு வந்தால், உலுக்கும்போது அதன் விதையும் எள்ளோடு கொட்டும். கருப்பு எள்ளில் கருப்பு விதை கண்ணுக்குத் தெரியாது.

கலந்ததா என்று பார்ப்பது எப்படி?

எள்ளில் பார்ப்பது சுலபம். எள் தட்டையானது, பிரமதண்டு விதை உருண்டை. முறத்தைச் சற்றே சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தட்டினால் உருண்டை விதை உருண்டு கீழே வரும், எள் பெரும்பாலும் நின்றுவிடும். செக்குக்குக் கொண்டு போகும் முன் மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடங்களிலிருந்தும் கைப்பிடி எடுத்து இப்படிப் பாருங்கள். மேலே மட்டும் பார்த்தால் போதாது, உருண்டை விதை குலுங்கக் குலுங்க அடிக்குப் போய்விடும்.

கடுகில் சல்லடையும் முறமும் உதவாது, இரண்டும் உருண்டை, அளவும் ஏறக்குறைய ஒன்று. வெள்ளைக் காகிதத்தில் பரப்பிப் பாருங்கள். கடுகின் தோல் வழவழப்பாக இருக்கும். பிரமதண்டு விதை கூடுதல் கருப்பாக, சொரசொரப்பாக, உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வலை பின்னியது போலத் தெரியும். சந்தேகமான விதையை நகத்தால் நசுக்குங்கள். கடுகு என்றால் உள்ளே மஞ்சள், பிரமதண்டு என்றால் உள்ளே வெள்ளை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வீட்டில் செய்து பார்க்கச் சொல்லும் சோதனையும் இதுதான். எண்ணெயாக ஆட்டிய பிறகு கண்டுபிடிக்க நைட்ரிக் அமிலச் சோதனை இருக்கிறது. அது ஆய்வுக்கூட வேலை, வீட்டில் முயல வேண்டாம்.

கடுகு விதைப்புக்கு வாங்கினால் சான்று பெற்ற விதையாக வாங்குங்கள். விதைச் சான்றளிப்பு விதிகளில் கடுகுப் பயிருக்கு ஆட்சேபணைக்குரிய களையாகப் பெயர் சொல்லிக் குறித்திருப்பது பிரமதண்டைத்தான்.

இதன் எண்ணெயைப் பழைய காலத்தில் விளக்கெரிக்கப் பயன்படுத்தினார்கள். இப்போது பயோடீசல் எடுக்கலாமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். யாராவது விதை சேகரித்துக் கொடுத்தால் காசு தருகிறோம் என்று வந்தால், சமையல் எண்ணெய் ஆட்டும் செக்கின் பக்கம் அதைக் கொண்டு போகாதீர்கள். செக்கில் ஒட்டிய மிச்சம் அடுத்தவர் எள்ளில் கலக்கும்.

மாடும் கோழியும் கண்ணும்

பச்சைச் செடியை மாடு தொடாது. முள்ளும் கசப்பும் தடுத்துவிடும். வைக்கோலோடும் உலர்தீவனத்தோடும் சேர்ந்து காய்ந்துவிட்டால் பிரித்தறிய முடியாமல் தின்றுவிட வாய்ப்பு உண்டு. தீவனம் அறுக்கும்போதே ஒதுக்கிப் போடுங்கள். விதை கோழிக்கும் நஞ்சு. களம் கூட்டிய தூசியைக் கோழிக்குப் போடும் பழக்கம் இருந்தால், பிரமதண்டு நின்ற வயல் என்றால் போட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதன் மஞ்சள் பாலைக் கண் நோய்க்கு விடும் பழக்கம் சில கிராமங்களில் இன்னும் இருக்கிறது. ஆர்ஜிமோன் என்ற பெயரே கண்ணில் விழும் படலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, அந்த அளவுக்குப் பழைய நம்பிக்கை. சித்த மருத்துவத்திலும் இந்தச் செடிக்கு இடம் உண்டு, ஆனால் அது படித்த மருத்துவர் சுத்தி செய்து அளவறிந்து கொடுப்பது. வயலில் கிள்ளிய பாலை நேராகக் கண்ணில் விடாதீர்கள். குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. கண்ணுக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கிறார்கள்.

எப்போது, எப்படி எடுப்பது

சரியான நேரம் மார்கழி. மழை ஓய்ந்து மண் ஈரமாக இருக்கும்போது, செடி தரையோடு ஒட்டிய வட்ட இலையாக இருக்கும்போது, களைக்கொத்தை ஒரு சாண் தள்ளிப் போட்டு வேரோடு நெம்பினால் முழுதாக வந்துவிடும். முள்ளும் அப்போது இளசு. மாசிக்குத் தள்ளிப்போட்டால் மண் இறுகியிருக்கும், ஆணிவேர் பாதியில் அறும், கை கிழியும். தண்டை மட்டும் அரிவாளால் அறுப்பதில் பலன் இல்லை. அடியிலிருந்து மறுபடி கிளைத்துப் பூக்கும். வெட்டுவதானால் இலை கிளம்பும் இடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் வேரில் வெட்ட வேண்டும். கைக்குத் தடித்த உறை போடுங்கள். இல்லாவிட்டால் பழைய சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

பூ வந்துவிட்டால் பிடுங்கிய செடியை வரப்பில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள். கட்டிய காய்க்குள் விதை தொடர்ந்து முற்றும். ஒரு மேட்டில் குவித்துக் காய விட்டு, அங்கே முளைக்கிறதா என்று அடுத்த மழைக்குப் பின் பாருங்கள். காய் வெடித்த செடி என்றால் காலைப் பனி ஈரத்தில் எடுங்கள். ஒருவர் காய்க்கொத்தை நிமிர்த்தியே பிடித்து மெதுவாக வெட்டிச் சாக்குக்குள் தலைகீழாக இறக்க வேண்டும். உச்சி வெயிலில் உலுக்கிப் பிடுங்கினால் விதைத்துவிட்டு வந்ததாக அர்த்தம். சாக்கில் சேர்ந்ததைப் பயிருக்கும் குடியிருப்புக்கும் தள்ளி ஒரு குழியில் போட்டு ஆழமாக மூடிவிடலாம்.

ஏற்கெனவே விதை நிறைய விழுந்த நிலத்தில் வேறு முறை வேண்டும். மழைக்குப் பின் உடனே பயிர் வைக்காமல் நிலத்தைத் தயார் செய்து இரண்டு வாரம் விடுங்கள். மேல் மண்ணில் உள்ள விதைகளில் ஒரு பகுதி முளைக்கும். மேலோட்டமாக ஒரு கொத்து ஓட்டி அவற்றை அழித்துவிட்டுப் பிறகு விதையுங்கள். அப்போது ஆழ உழுதால் அடியில் தூங்கும் விதையை மேலே கொண்டு வந்துவிடுவோம், கவனம். மணிலாவிலும் உளுந்திலும் முதல் களையைத் தள்ளிப் போடாமல் எடுத்து, பயிர் சீக்கிரம் மூடிக்கொள்ளும்படி சரியான இடைவெளியில் விதைத்தால் பிறகு வருவதை நிழலே அடக்கும். சவுக்குக் கன்றுகளுக்கு இடையே முதல் ஆண்டு உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராகப் போட்டு வெற்றிடத்தை மூடலாம், வருமானமும் கிடைக்கும்.

களைக்கொல்லி கேட்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. விதைத்ததும் தெளிக்கும் பென்டிமெத்தலின் போன்றவை முளைக்கும் களையைத்தான் தடுக்கும், நிற்கும் பிரமதண்டை ஒன்றும் செய்யாது. அகன்ற இலைக் களைக்கான 2,4-டி, நெல்லுக்கும் கரும்புக்கும் பரிந்துரைத்த மருந்து. மணிலா, உளுந்து, எள் எல்லாம் அகன்ற இலைப் பயிர்கள். காற்றில் சாரல் பட்டாலே அவை சுருண்டுவிடும். வரப்புச் செடிக்கு அடிக்கப்போய்ப் பக்கத்து வயல்காரரின் மணிலாவைக் கெடுத்து வம்பில் மாட்ட வேண்டாம். வரப்பில் நிற்கும் ஐம்பது செடிக்கு மருந்தை விடக் களைக்கொத்து மலிவு. பரப்பு பெரிது, வேறு வழியில்லை என்றால் திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடமோ பயிரையும் செடியின் வயதையும் சொல்லி அளவு கேட்டுக்கொண்டு தெளியுங்கள். கிசான் அழைப்பு மையத்தின் இலவச எண் 1800-180-1551-லும் தமிழில் கேட்கலாம்.

நம் வயலைச் சுத்தம் செய்துவிட்டு, ஒட்டியிருக்கும் காலி மனையை விட்டுவிட்டால் மழைத்தண்ணீர் அந்த விதையை நம் பக்கம் இழுத்து வரும். மனைக்காரர் வெளியூரில் இருப்பார், அவருக்கு இந்தச் செடியின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. தண்ணீர் நம் நிலத்துக்கு வரும் பக்கத்தில் மட்டுமாவது, வேலி ஓரமாகப் பத்தடி அகலத்துக்கு மார்கழியிலேயே எடுத்துவிடுங்கள். 100 நாள் வேலையில் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் சுத்தம் செய்யும்போது பிரமதண்டு பூக்கும் முன் அந்த வேலையை வைக்கச் சொல்லி ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள். பங்குனியில் செய்தால் அதே ஆட்கள், அதே கூலி, ஆனால் விதை ஏற்கெனவே கொட்டியிருக்கும்.